பேனாவுக்குக் கயிறு, கம்ப்யூட்டருக்குப் பூட்டு

போஸ்ட் ஆபீசில் பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருப்பார்கள். 'ஒரு பேனாவைத் தூக்கிக்கிட்டு நாம ஓடிடுவோமா?' என்று நான் பலமுறை முணுமுணுத்ததுண்டு. பொது இடத்துக் கம்ப்யூட்டரையும் அப்படித்தான் கட்டி வைக்கிறார்கள் என்பது, என் மகளின் கல்லூரி விண்ணப்பத்தின்போதுதான் தெரிந்தது.

கடைசித் தேதிக்கு முதல் நாள் இருவரும் நூலகத்துக்குப் போனோம். பென் டிரைவைச் செருகினால், கம்ப்யூட்டர் ஏற்கவே இல்லை. சரி என்று ஈமெயிலைத் திறந்து மார்க் ஷீட், ஜாதிச் சான்றிதழ், போட்டோ எல்லாவற்றையும் எடுத்து, கேட்ட அளவுக்குச் சுருக்கி, ஒரு போல்டரில் சேர்த்து வைத்தாள் மகள். ஒன்றரை மணி நேர வேலை. திடீரென்று கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. ஆஃப் செய்து மறுபடி போட்டால், போல்டரையே காணோம்! மகளுக்கு அழுகையே வந்துவிட்டது.

நூலகரிடம் கேட்டேன். "அம்மா, இதை அப்படித்தான் செட் பண்ணியிருக்கு. ஆஃப் பண்ணிப் போட்டா, பழையபடி சுத்தமாயிடும். நீங்க வச்சது எதுவும் இருக்காது" என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபம் கோபமாய் வந்தது.

மாலையில் ஒரு பிரௌசிங் சென்டருக்கு ஓடினோம். அங்கே எந்தப் பூட்டும் இல்லை. பென் டிரைவ் உடனே வேலை செய்தது. ஆனால் திரையைப் பார்த்ததும் பகீரென்றது. யார் யாருடைய ஆதார் அட்டையோ, பாங்க் பாஸ்புக்கோ, ஒரு சின்னப் பெண்ணின் போட்டோவும் போன் நம்பரும் போட்ட விண்ணப்பமோ, எல்லாம் அப்படியே கிடந்தன! கடைக்காரரிடம் சொன்னால், "தினம் எத்தனையோ பேர் வர்றாங்க, யாரோடதுன்னு பார்த்து அழிக்கிறது?" என்கிறார். நூலகத்துப் பூட்டின் அருமை அப்போதுதான் புரிந்தது. முந்தி வந்தவர் விட்டுப் போனதை அடுத்தவர் பார்க்கக் கூடாது, பென் டிரைவில் வைரஸ் வரக் கூடாது, கண்டதையும் யாரும் ஏற்றிவிடக் கூடாது. இதற்காகத்தான் அந்தக் கட்டுப்பாடெல்லாம்.

இன்டர்நெட் மையங்களுக்கென்று மத்திய அரசு 2011-ல் விதிகளே போட்டிருக்கிறது. அடையாள அட்டை பார்க்க வேண்டும், வந்தவர் விவரத்தை ஓராண்டு வைத்திருக்க வேண்டும், தடுப்பு நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. யார் வந்தார் என்று எழுதி வைப்பதில் காட்டும் அக்கறையை, வந்தவர் விட்டுப் போன காகிதங்களை அழிப்பதிலும் காட்டலாமே!

ஆகவே பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பூட்டியிருப்பது எது என்று ஒரு அட்டையில் எழுதி, கம்ப்யூட்டர் பக்கத்திலேயே மாட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். 'பென் டிரைவ் வேலை செய்யாது. ஆஃப் செய்தால் எல்லாம் அழிந்துவிடும். முடித்ததை உடனே உங்கள் ஈமெயிலுக்கு அனுப்பிக் கொள்ளுங்கள்.' இந்த மூன்று வரி தமிழில் இருந்திருந்தால், என் மகள் அன்று அழுதிருக்க மாட்டாள். கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு இது சாதாரண விஷயம். வீட்டிலிருந்து ஒரு காரியத்துக்காகப் போகும் நம்மைப் போன்றவர்களுக்கு அப்படியா?

தோழிகளே, நம் பக்கமும் கவனம் வேண்டும். பூட்டில்லாத இடத்தில் வேலை முடிந்ததும் ஈமெயிலிலிருந்து வெளியே வாருங்கள். இறக்கியதை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். 'பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துக் கொள்ளவா?' என்று அது கேட்டால், வேண்டாம் என்றே சொல்லுங்கள். நாங்களும் அன்று விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் அழித்த பிறகுதான் எழுந்தோம்.

கட்டிய பேனாவும் எழுதத்தான் செய்கிறது, கயிறு எவ்வளவு நீளம் என்று தெரிந்தால்! நூலகத்தாரும் சென்டர்காரர்களும் கவனிப்பார்களா?

- ஒரு வாசகி, கும்பகோணம்