பெற்றவள் பெயர் பொறித்த தகடு

இரயில்வேயில் ஊழியம் செய்வோர் நன்கு அறிந்த வழக்கம் ஒன்று உண்டு. வண்டியிலோ நிலையத்திலோ உரியவர் மறந்து சென்ற பொருள் அகப்பட்டால், அது குடையாயினும் தகரப் பெட்டியாயினும் பதிவேட்டில் ஏற வேண்டும். எந்த வண்டி, எந்தத் தேதி, எவ்விடத்தில் கிடைத்தது என்பதை எழுதி ஒரு சீட்டும் கட்ட வேண்டும். கண்டெடுத்தவனுக்கே பொருள் சொந்தமாகி விடாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உட்பொருள். எண்பது ஆண்டுகள் மண்ணில் புதைந்து கிடந்த பொருளுக்கும் இந்த நியாயம் செல்லுமா என்று அன்பர்கள் கேட்கலாம். செல்லும் என்பதே நம் துணிபு.

மேல் அஸ்ஸாமில் லிடோ செல்லும் பாதையை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில் நம் தமிழ்க் குடும்பம் ஒன்று வசிக்கிறது. மழைக்காலம் ஓய்ந்தபின் அவ்வீட்டு அம்மையார் கீரைப் பாத்திக்காகக் கொல்லையைக் கொத்திய பொழுது, இரண்டு அங்குல நீளமுள்ள உலோகத் தகடு ஒன்று மண்வெட்டியில் தட்டுப்பட்டது. புளியிட்டுத் தேய்த்ததும் எழுத்துக்கள் தெளிந்தன. ஒரு மனிதனின் பெயர், ஓர் எண், இரத்தப் பிரிவு, அதன் கீழ் ஒரு பெண்ணின் பெயர், அமெரிக்காவில் ஓர் ஊரின் முகவரி, மூலையில் மதத்தைக் குறிக்கும் ஓர் எழுத்து. இவ்வளவே அதில் இருந்தன.

இது அமெரிக்கச் சிப்பாயின் அடையாளத் தகடு. நகராட்சியார் நாய்க்குக் கட்டும் வில்லையைப் போல் இருப்பதால் அந்நாட்டார் வேடிக்கையாக இதனை ‘டாக் டாக்’ என்பர். அங்கே 1906-ல் இவ்வழக்கம் ஏற்பட்டது. 1916 முதல் ஆளுக்கு இரண்டு தகடுகள் ஆயின. ஒருவன் களத்தில் மாண்டால் ஒன்று உடலோடு இருக்கும், மற்றொன்று கணக்குக்காக எடுக்கப்படும். இரண்டாவது மகாயுத்தத்தில் 1943-ம் ஆண்டின் நடுப்பகுதி வரையில் அச்சடித்த தகடுகளில் நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் இருந்தன. பின்னர் அவ்வரிகள் நீக்கப்பட்டன. ஆகவே நமக்குக் கிடைத்தது முந்தைய வகையைச் சேர்ந்தது. அதிலிருந்த பெண் பெயர் அச்சிப்பாயின் தாயுடையது என்பது பின்னர் தெரிந்தது.

அமெரிக்கச் சிப்பாய்க்கு அஸ்ஸாமில் என்ன வேலை என்று இளைஞர்கள் வியக்கலாம். பர்மா ஜப்பானியர் வசமானபின் சீனத்துக்குச் சரக்கு அனுப்ப இப்பகுதியே வாயிலாயிற்று. இங்கிருந்து விமானங்கள் மலைகளைக் கடந்து பறந்தன. லிடோவிலிருந்து பெருஞ்சாலை ஒன்றும் போடப்பட்டது. 1944 மார்ச் 1 அன்று, கதிஹாரிலிருந்து லிடோ வரை 804 மைல் மீட்டர் கேஜ் பாதையின் போக்குவரத்தை அமெரிக்க இரயில்வேப் படையினர் ஏற்றுக் கொண்டனர். அவர்களுள் அநேகர் தம் நாட்டிலும் இரயில்வே ஊழியரே. இந்தியத் தொழிலாளரோடு சேர்ந்து அவர்கள் எஞ்சின் ஓட்டினார்கள், சிக்னல் பார்த்தார்கள், வாகன்களை எண்ணினார்கள். நம்மைப் போன்ற குமாஸ்தாக்களும் அவர்களிடையே இருந்திருப்பர்.

தகடு கிடைத்த செய்தி பரவியதும் ஆளுக்கொரு யோசனை கூறினர். இணையத்தில் ஏலம் விட்டால் நல்ல விலை போகும் என்றார் ஒருவர். படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடலாம் என்றார் மற்றொருவர். அம்மையார் இரண்டுக்கும் இசையவில்லை. “பெத்தவ பேரு போட்டிருக்கு அண்ணா. அதைப் போய் விலை பேசலாமா?” என்று அவர் கேட்டதற்கு எவரிடமும் விடை இல்லை. தபால் எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தது.

தேடிய முறையைப் பிறருக்குப் பயன்படும் என்று கூறுகிறோம். அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம், அக்காலத்தில் படையில் சேர்ந்த இலட்சக்கணக்கானோரின் பதிவை இணையத்தில் வைத்திருக்கிறது. தகட்டின் எண்ணைக் கொடுத்தால் பிறந்த ஆண்டும் சேர்ந்த ஊரும் தெரிய வரும். எண்ணின் முதல் இலக்கம் 1 ஆயின் தானே முன்வந்து சேர்ந்தவர், 3 ஆயின் கட்டாயப் படைச் சேர்க்கையில் வந்தவர் என்று கொள்ளலாம். 1940, 1950 ஆண்டுகளின் குடிக்கணக்கும் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டுள்ளது. இவ்வளவும் பார்த்தபின் தகட்டிலிருந்த ஊரின் பொது நூலகத்துக்கு எழுதினோம். நூலகத்தார் பழைய பத்திரிகைகளில் மரண அறிவிப்பைத் தேடி, குடும்பத்தாரின் சம்மதம் பெற்ற பிறகே நம்மோடு தொடர்பு ஏற்படுத்தினர்.

சிப்பாய் இங்கே மடியவில்லை. ஊர் திரும்பி, மணம் புரிந்து, முதுமை எய்திக் காலமானார். அவருடைய மகள் எழுபது வயதைக் கடந்தவர். தந்தையார் இந்தியாவில் இருந்தார் என்பதற்கு மேல் அவ்வீட்டில் எவருக்கும் ஒன்றும் தெரியாதாம். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயி நகரின் படை ஆவணக் காப்பகத்தில் நேர்ந்த தீயில் 1 கோடியே 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. அவர் தந்தையின் கோப்பும் அவற்றுள் ஒன்று. அந்த அம்மையார் நம்மைக் கேட்டவை இரண்டு கேள்விகளே. அவ்வூரில் இப்போதும் இரயில் ஓடுகிறதா? தகடு கிடைத்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? இரயில் ஓடுகிறது, அவ்விடத்தில் முளைக்கீரை வளர்ந்திருக்கிறது என்று எழுதி, தகட்டோடு நிலையத்தின் புகைப்படமும் அனுப்பினோம்.

இங்கே சில எச்சரிக்கைகள் அவசியம். தகடு கிடைத்தது என்பதாலேயே மனிதன் அங்கே இறந்தான் என்று முடிவு கட்டலாகாது. குளிக்கும்போது தொலைத்தவரும் உண்டு. அவசரப்பட்டு மரணச் செய்தி எழுதினால் ஆறிய புண்ணைக் கீறியவராவோம். சில குடும்பத்தார் தகடு வேண்டாம் என்று கூறவும் கூடும். அதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு. கடைத்தெருவில் விலைக்கு விற்பவை எல்லாம் உண்மையானவை அல்ல. வியத்நாமில் போலித் தகடுகள் ஏராளமாக விற்பனையாயின. பெயரையும் முகவரியையும் ஊரறியப் பரப்புதல் தகாது. தபால் செலவைக்கூடக் கேட்டுப் பெறாதிருத்தல் நலம்.

தகட்டோடு எலும்போ விமானச் சிதைவோ காணப்பட்டால் எதையும் தொடாமல் காவல் நிலையத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் அறிவிக்க வேண்டும். அமெரிக்கத் தூதரகத்துக்கும் எழுதலாம். 1944 ஜனவரியில் அருணாசல மலைகளில் விழுந்த விமானம் ஒன்றின் வீரர்களைத் தேடி அந்நாட்டார் 2015-ல் கூட வந்தனர். இடம் கலைந்தால் அடையாளமும் கலைந்து விடும்.

இனி நம் வீட்டுச் செய்திக்கு வருவோம். அதே யுத்தத்தில் இந்தியப் படையில் சேர்ந்தோர் 25 இலட்சம் பேர். மாண்டோர் 87,000-க்கு மேல். சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் சாப்பர்களும் பர்மாப் போரில் உழைத்தவர்களே. பிரிட்டிஷ் ஆட்சியின் படைகளில் வழங்கியவை உலோகத் தகடுகள் அல்ல. அழுத்திய நாரால் செய்த பச்சை, சிவப்பு வில்லைகள். ஈர மண்ணில் அவை நெடுங்காலம் நில்லா. ஆதலால் நம் பாட்டனார்களின் வில்லையை எவரேனும் கண்டெடுத்து நமக்கு அனுப்புவார் என்று காத்திருப்பதில் பயனில்லை. நாமே தேட வேண்டும்.

வீட்டில் படை உடையில் ஒரு பழைய படம் இருக்கிறதா? பெட்டியின் அடியில் ஓய்வூதியக் காகிதமோ பதக்கமோ உண்டா? பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். பல பதக்கங்களில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். எண் கிடைத்தால் சென்னை ரெஜிமென்டுக்கு நீலகிரி வெல்லிங்டனில் உள்ள ஆவண அலுவலகத்துக்கும், சாப்பர் படைக்குப் பெங்களூரில் உள்ளதற்கும் எழுதலாம். போரில் இறந்தவராயின் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயரைத் தேடலாம். கோஹிமாவில் தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் நினைவுச் சின்னத்தில் உள்ளன. உடல் கிடைக்காதோரின் பெயர்கள் பர்மாவில் இரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் அன்பர்கள் அத்தகைய காகிதங்களின் நகலைக் கொண்டு வருவார்களாக. ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதித் தர நாம் ஆயத்தமாக இருக்கிறோம். ஊரில் தொண்ணூறைக் கடந்த பெரியவர்கள் இருப்பின் இந்த வாரமே தொலைபேசியில் கேட்டு எழுதி வையுங்கள். காகிதம் காத்திருக்கும், அவர்கள் நினைவு காத்திராது.