கரம் கட்டின ரசீது

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில் சித்தப்பா கூப்பிட்டார். எனக்கு நியூ ஜெர்சியில் காபி நேரம், அவருக்கு விளக்கு வைக்கிற நேரம். சித்தூர் தாலுக்காவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வயல். என் பங்கையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

"கண்ணு, கரம் கட்டியாச்சு. ஏக்கருக்கு ஐநூறு கிட்ட வந்துருச்சு. ஏத்திக்கிட்டே போறாங்க. பேசாம வித்துப்போட்டா என்ன?"

எங்கள் பக்கத்தில் நிலவரிக்குக் கரம் என்றுதான் பேர். பேசுவது தமிழ், கட்டுவது கேரளத்துக்கு, அதனால் வார்த்தையும் அங்கிருந்தே வந்துவிட்டது.

விற்கலாமா என்று அவர் கேட்டது இது முதல் முறை. அன்றைக்கு முழுக்க மனசு சரியில்லை. பழக்கதோஷம், பேப்பரை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன். பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாக பேங்கில் கடன் ஃபைல் பார்க்கிறவனுக்கு வேறென்ன தெரியும்?

அவர் சொன்னது உண்மைதான். கேரளத்தில் 2025-26 பட்ஜெட்டில் நிலவரியை ஐம்பது சதவீதம் உயர்த்தினார்கள். பஞ்சாயத்துப் பகுதியில் 8.1 ஆருக்கு மேலே இருந்தால் ஆருக்கு 8 ரூபாயாக இருந்தது 12 ஆனது. ஒரு ஏக்கர் என்பது சுமார் நாற்பது ஆர். ஆக, வருஷத்துக்கு ஐநூறுக்குள்தான் வரும். நாத்து நட வருகிற ஒரு ஆளின் ஒரு நாள் கூலியைவிடக் குறைவு! இதற்காக யாரும் நிலத்தை விற்க மாட்டார்கள். சித்தப்பாவுக்கு உண்மையான கோபம் வரி மேலே இல்லை, "வயலை வச்சிருக்கிறவனை யாரும் மதிக்கறதில்லை" என்பதில்தான்.

நான் இருக்கிற ஊரில் கதையே வேறு. நியூ ஜெர்சியில் சராசரி வீட்டு வரி 2024இல் பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. இங்கே வரி சந்தை மதிப்பின் மேல். பக்கத்தில் நாலு பெரிய வீடு வந்தால் நடுவில் சோளம் போடுகிறவனின் நிலத்துக்கும் வீட்டு மனை விலை வைத்து வரி போடுவார்கள், அவன் விற்றுவிட்டு ஓடுவான். அதைத் தடுக்கத்தான் 1964இல் விவசாய நில மதிப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். குறைந்தது ஐந்து ஏக்கர், முந்தின இரண்டு வருஷமாவது விவசாயம், முதல் ஐந்து ஏக்கரில் வருஷம் ஆயிரம் டாலர் விற்பனை. இவ்வளவும் இருந்தால் மனை விலைக்கு வரி கிடையாது, விளைச்சல் மதிப்புக்குத்தான். காட்டு நிலத்துக்கும் உண்டு, ஆனால் மரங்களை எப்படிப் பராமரிக்கப் போகிறோம் என்று திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது இதன் கடைசிப் பகுதி. நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றினால் அந்த வருஷத்துக்கும் முந்தின இரண்டு வருஷத்துக்கும் சலுகையைத் திருப்பி வசூலிப்பார்கள். இதிலும் ஏமாற்று உண்டு. பெரிய பங்களாக்காரர்கள் கொஞ்சம் விறகு விற்று "நானும் விவசாயி" என்று வரியைக் குறைத்துக்கொள்கிற கதைகள் இங்கே பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. நம்ம ஊர் ஆள் மட்டும்தான் கில்லாடி என்று நினைக்க வேண்டாம்.

சரி, இதை அப்படியே கேரளத்துக்குக் கொண்டுபோகலாமா? முடியாது. அங்கே வரி பரப்பளவின் மேல்தான், ஐநூறு ரூபாயை முழுக்கத் தள்ளுபடி செய்தாலும் யாரும் வயலைக் காப்பாற்றப் போவதில்லை. வரியைக் குறைப்பதைவிடக் கையில் பணம் கொடுப்பதுதான் அங்கே வேலை செய்யும்.

அதற்கு ஒரு நல்ல உதாரணம் கேரளத்திலேயே இருக்கிறது. 2008இல் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள், வயலை நிரப்பி மனையாக்கக் கூடாது என்று. சட்டம் போட்டால் போதுமா? விலை ஏறாத நிலத்தைக் கட்டிக்கொண்டு அழுவது உடமைக்காரன்தானே. பன்னிரண்டு வருஷம் கழித்து, 2020இல், வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் ராயல்டி என்று ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் அது 3,000 ஆனது. ஏக்கருக்கு சுமார் 1,200. கட்டுகிற கரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல்! தொகை பெரிதில்லை. ஆனால் வயல் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, அது ஊருக்கெல்லாம் லாபம், அதனால் ஊர் கொஞ்சம் கொடுக்க வேண்டும் என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டதே, அதுதான் பெரிசு.

என் கேள்வி, அந்த நியாயம் ஏன் மலை ஏறவில்லை?

என் மனைவி வீடு போடி. மச்சினனுக்கு உடும்பன்சோலைப் பக்கம் நாலு ஏக்கர் ஏலம். ஏலத்துக்கு நிழல் வேண்டும், அதனால் பெரிய மரங்களை வைத்தே ஆக வேண்டும். ஏலமலைக் காப்பில் நிலம் வருவாய்த் துறையிடம், மரம் வனத்துறையிடம். இவன் பராமரிப்பான், வெட்ட உரிமை கிடையாது. 1897இல் திருவிதாங்கூர் அரசு காப்பு என்று அறிவித்தது 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்று ஒரு இலக்கத்துக்காக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1960ஆம் வருஷத்துத் தோட்ட வரியை நீக்குவதாக 2018இல் அறிவித்தார்கள். அதில் ஆறுதல் அடைந்தது பெரிய எஸ்டேட்டுகள். இவனுக்கு என்ன கிடைத்தது?

"மச்சான், மரத்தை வச்சிருக்கிறதுக்கு யாரும் பத்து பைசா தரல. பக்கத்துல ரிசார்ட்காரன் வந்து கோடிக்கணக்குல பேசுறான்." 2024 வேனிலில் செடி காய்ந்து நின்றபோது அவன் சொன்னது இது. பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் சொல்வது இவ்வளவுதான். நெல்வயலுக்குக் கொடுப்பதுபோல நிழல்மரம் வைத்திருக்கும் சிறு ஏலக்காரருக்கும் ஒரு ராயல்டி கொடுங்கள். மரக் கணக்கை எழுதி வாங்குங்கள். ரிசார்ட்டாக மாற்றினால் கொடுத்ததைத் திருப்பி வாங்குங்கள். பட்டா வழக்கு முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை, பணம் மரத்தைப் பராமரிப்பதற்கு, உரிமைக்கு அல்ல என்று எழுதிக்கொள்ளலாம். இதற்குப் பணம் ஏது என்று கேட்பீர்கள். ஏற்றிய நிலவரி இருக்கிறதே, அதில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கினால் சித்தப்பாகூட முணுமுணுக்காமல் கட்டுவார்.

நம்மைப் போல வெளியே இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிலம் இன்னமும் அப்பா பேரில், தாத்தா பேரில் கிடக்கிறதா? போக்குவரவு செய்து தண்டப்பேரை மாற்றுங்கள். பேர் மாறாத நிலத்துக்கு ராயல்டி கேட்கவும் கஷ்டம், கடன் கேட்கவும் கஷ்டம். கரத்தை இப்போது வருவாய்த் துறையின் தளத்திலேயே கட்டலாம், ஐந்து நிமிஷம். வெளிநாட்டில் இருப்பவர் புதிதாக விவசாய நிலம் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்காது, வாரிசாக வந்ததை வைத்துக்கொள்ளலாம். அதாவது ஒரு முறை விற்றால் திரும்ப வராது. நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயித்துக்கிழமை சித்தப்பாவைக் கூப்பிட்டேன். "விக்க வேண்டாம் சித்தப்பா. இந்த வருஷத்துல இருந்து என் பங்குக் கரத்தை நானே கட்டறேன். நீங்க ராயல்டிக்கு எழுதிக் கொடுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"சரி கண்ணு. ஆனா ரசீதை எனக்கு அனுப்பிப்போடு. பெட்டியில வைக்கணும்" என்றார்.

அந்தப் பெட்டியில் என் தாத்தா கட்டின ரசீதுகூட இருக்கிறது.