கட்டியா, பஸ்ஸா?

“கேன்சர்னா உடனே வெட்டி எடுத்துடணும்” என்பவர்கள்மீது எனக்கு எரிச்சல். புராஸ்டேட்டுக்குள்ளேயே அடங்கிய கட்டிக்கு அது பாதி உண்மைதான். 2023இல் வெளியான பிரிட்டனின் புரோடெக்ட் ஆய்வில் 1,643 பேர். 15 ஆண்டுகளில் அந்நோயால் இறந்தவர்கள் அறுவைக் குழுவில் 2.2%, கண்காணிப்பில் தொடங்கிய குழுவில் 3.1%, இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். உடலில் பரவியது 4.7%, 9.4%. அறுவையின் நிஜ லாபம் இதுதான். விலை: சிறுநீர்க் கசிவு, விறைப்பின்மை. அதை யார் வாய்திறந்து சொல்றாங்க?

“சும்மா கவனிச்சிட்டே இருக்கலாம்” என்பதும் நகரத்து அறிவுரைதான். கம்ப்யூட்டரில் நான் எழுதும் மானிட்டரிங் தானா ஓடும். ஜவ்வாது மலையில் ஓடாது. பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை, அவ்வப்போது பயாப்சி என ஒவ்வொன்றுக்கும் ஜமுனாமரத்தூர்க்காரர் வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ இறங்கினால் அன்றைய கூலி போச்சு. அவர் அறுவைக்குத் தலையாட்டினால், முடிவெடுத்தது கட்டியா, பஸ்ஸா?