கைப்பின்னலுக்கு ஒரு மணி நேரம்

பொழுதுபோக்காக நூல் பின்னுகிறவர்களிடம் நம் ஊரில் கேட்கப்படும் முதல் கேள்வி, இந்த வெயிலில் கம்பளி எதற்கு என்பதுதான். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் ஓய்வு நேரத்தில் பின்னியவற்றை இணைத்து, 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். பிறகு அதைச் சிறு போர்வைகளாகப் பிரித்து, தேவைப்பட்டோருக்குக் கொடுத்தார்கள். சாதனையைவிட அந்தப் பிரிப்பே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம் கள்ளக்குறிச்சிச் சமவெளியின் வெயிலைச் சொல்கிறவர்கள், அதே மாவட்டத்துக் கல்வராயன் மலையின் மார்கழி இரவையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெயில் காலத்துக்குப் பருத்தி நூல் இருக்கவே இருக்கிறது.

குளிருக்குத் திருப்பூரின் பின்னலாடை இயந்திரம் போதாதா என்பார்கள். நியாயமான கேள்வி. விலையிலும் வேகத்திலும் கை அதனோடு போட்டியிட முடியாது, போட்டியிடவும் வேண்டாம். ஆனால் ஒற்றைக் கொக்கி ஊசியால் போடும் அசல் குரோஷே இன்றும் கைவேலைதான். ஆலைகளில் வருவது அதைப் போன்ற தோற்றம் மட்டுமே. மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சிக்குக் கைத்திறனின் மதிப்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உளியும் பட்டறையும் இல்லாமல், ஓர் ஊசியும் ஒரு நூற்கண்டும் கொண்டு தொடங்கக்கூடிய வேலை இது. மாவட்டத்து நூலகங்களும் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளும் வாரம் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். பின்னத் தெரிந்தவர்கள் முன்வந்து கற்றுக்கொடுங்கள்.