ஒரே மரக்கால் போதுமா?

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நீங்கள் போயிருக்கலாம். ஆகஸ்டு 29-இல் கொடியேற்றம்; செப்டம்பர் 8-இல் நிறைவு. கண், கை, கால் என வெள்ளியில் செய்த உறுப்புகளைப் பலர் காணிக்கை செலுத்துவார்கள். கோயில் மணியும் கடலலையும் கேளாத குழந்தையைத் தோளில் சுமந்து வரும் பெற்றோரும் அக்கூட்டத்தில் உண்டு. அவர்களுக்கு விஞ்ஞானம் தந்துள்ள ஒரு கருவியைப் பற்றியும், அதன் பயனை நாம் அளக்கும் முறையைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன்.

உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் உறுப்பு காக்ளியா. அதிலுள்ள சுமார் 15,000 மயிர்ச் செல்களின் உதவியால்தான் ஒலியதிர்வு மின்துடிப்பாக மாறிச் செவி நரம்பை அடைகிறது. அவை பெரிதும் அழிந்துவிட்டால், ஒலியைப் பெருக்கிக் கொடுத்தும் பயன் குறைவே. காக்ளியர் இம்பிளான்ட் என்ற கருவி அவற்றின் வேலையைத் தான் ஏற்கிறது. காதின் பின்னுள்ள மைக்ரோபோன் ஒலியைப் பெறுகிறது. செயலி அதை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கிறது. ரேடியோ அலைகள் அச்செய்தியைத் தோலைக் கடந்து உள்ளே கொண்டு செல்கின்றன. காக்ளியாவுக்குள் வைத்த 12 முதல் 22 மின்முனைகள் நரம்பைத் தூண்டுகின்றன. ஆயிரக்கணக்கான செல்கள் செய்த வேலையை 22 முனைகள் செய்தால், கிடைப்பது வண்ண ஓவியமன்று, கோட்டுச் சித்திரமே. அதற்குப் பொருள் காண வேண்டியது மூளை. ஆகவேதான் சிறு வயதிலேயே கருவியைப் பொருத்தி, தொடர்ந்து பயிற்சி தருகிறார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், 6 வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகள் இந்தச் சிகிச்சையைப் பெறுகிறார்கள்.

காது கேளாத குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு வேறொரு குறைபாடும் இருக்கிறது: மூளை முடக்குவாதம், ஆட்டிசம், பார்வைக் குறைவு, அறிவு வளர்ச்சியில் தாமதம். முற்காலத்தில் இவர்களுக்குக் கருவி பொருத்தப் பல மருத்துவர்கள் தயங்கினார்கள். பின்னர் பொருத்திப் பார்த்தபோது தெரிந்தது என்ன? முன்னேற்றம் மெதுவாக வருகிறது. குழந்தைக்குக் குழந்தை வேறுபடுகிறது. சிலர் பேசுகிறார்கள். சிலர் கடைசிவரை பேசுவதில்லை. ஆனால் பேசாத குழந்தையும் பெயர் சொன்னால் திரும்பலாம், அம்மாவின் குரல் கேட்டு அழுகையை நிறுத்தலாம், பாட்டுக்குத் தலையசைக்கலாம்.

இதைத் தோல்வி என்பதா? நம் டெல்டாவில் முன்பு நெல்லை மரக்காலால் அளந்தார்கள். பொன்னையும் அதே மரக்காலில் போட்டு, "அடிகூட நிறையவில்லையே" என்று உதறிவிடுவோமா? அளக்கும் பொருளுக்கேற்ற அளவுகோல் வேண்டும் என்பது பௌதிகத்தின் முதற்பாடம். பேச்சு ஓர் அளவுகோல். அது ஒன்றே அளவுகோலன்று. இக்குழந்தையை அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டில் அது இருந்த நிலையோடு ஒப்பிடுவதே முறை.

"பல லட்ச ரூபாய்க் கருவியை நன்றாகப் பேசப்போகும் குழந்தைக்கே கொடுத்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். செவி நரம்பே இல்லாத குழந்தைக்கு இக்கருவி பயன்படாது. அதைச் சோதித்தறிய வேண்டும். பெற்றோரிடம் பொய்யான நம்பிக்கையும் ஊட்டக்கூடாது. சைகை மொழியையும் கூடவே கற்பிக்க வேண்டும். ஆனால் இரண்டு சுமைகளைத் தாங்கும் குழந்தையை, இரண்டையும் தாங்குகிறது என்ற காரணத்துக்காகவே ஒதுக்குவது விஞ்ஞானமன்று.

காதோரம் அந்தச் சிறு கருவியை அணிந்த குழந்தையை நீங்கள் எங்காவது சந்திப்பீர்கள். "இன்னும் பேசவில்லையா?" என்று அதன் தாயிடம் கேட்காதீர்கள். அருகில் அமர்ந்து அதன் பெயரைச் சொல்லி அழையுங்கள். அது திரும்பிப் பார்த்தால், ஒரு பெரிய பரிசோதனையின் வெற்றியை நேரில் கண்டவர்கள் ஆவீர்கள்.