விரிசலில் ஓடும் தண்ணீர்

"மலை மாதிரி அசையாமல் நிற்கிறான்" என்று பேச்சுக்குச் சொல்கிறோம். கொல்லிமலை அசையாத மலையல்ல. அசைந்து, உடைந்து, நகர்ந்த மலை. அந்த உடைசல்தான் குண்டூர் நாட்டில் நம் வயலுக்கும் வாய்க்கும் தண்ணீர் தருகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நம் மலையின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட். சென்னைப் பரங்கிமலையில் இருப்பதும் இதே இனம்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறையில் இந்தக் கல்லைப் பார்த்து, 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அவர் பெயரையே வைத்துவிட்டார். (நம் கல்லுக்கு யார் பெயர் பாருங்கள்!) வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பூமிக்கடியில் வெகு ஆழத்தில் சூடாக இருந்தவரை வெல்லப்பாகு போல வளைந்து கொடுத்தது. மேலே வந்து ஆறியபின் கமர்கட்டு ஆகிவிட்டது. அழுத்தினால் சடக்கென்று உடையும்.

உடைந்த பாறை மேலும் கீழும்தான் நகரும் என்றில்லை. நம் கொண்டை ஊசி வளைவில் எதிரெதிரே வரும் இரண்டு பஸ்கள் உரசிக்கொள்வது போலப் பக்கவாட்டிலும் நகரும். 1906-இல் சான்பிரான்சிஸ்கோ பக்கம் நேராக நின்ற வேலி ஒன்று, ஒரே நிலநடுக்கத்தில் ஏறக்குறைய 20 அடி விலகிப்போனது இப்படித்தான். 1967 டிசம்பர் 11-இல் மகாராஷ்டிரத்தின் கொய்னாவை உலுக்கியதும் இதே வகை. நமக்கு வடக்கே கங்கவல்லிப் பகுதியிலும் அப்படி ஒரு பழைய பெயர்ச்சிப் பட்டை உண்டு. உரசிய சூட்டில் பாறையே உருகி, அடுத்த கணமே உறைந்த கறுப்பு நரம்புகளை அங்கே காணலாம். அவை மிகப் பழைய நிலநடுக்கங்களின் தழும்புகள். யாரும் பயப்பட வேண்டாம்.

சார்னோக்கைட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊறாது. மலை உச்சியின் செம்மண்ணும் பாக்சைட்டும் மழையைப் பஞ்சு போலக் குடித்து, கீழே உள்ள விரிசல்களுக்கு மெல்ல விடுகின்றன. விரிசல் சரிவில் வாய் திறக்கும் இடத்தில் ஊற்று. நம் ஓடைகள் பல இடங்களில் கோடு கிழித்தாற்போல நேராகப் போய், திடீரென்று ஒடிந்து திரும்புவதைக் கவனித்திருப்பீர்கள். தண்ணீர் விரிசலைப் பிடித்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான்.

இங்கேதான் என் ஆதங்கம். ஒருவர் 500 அடி போர் போட்டு விரிசலைத் தொட்டுவிட்டால், அதே விரிசலில் கீழே இருக்கும் ஊற்றுக்குப் போக வேண்டிய தண்ணீரை அவர் மோட்டார் இழுத்துவிடும். மேலே ஒருவர் தோட்டம் நனையும், கீழே நாலு பேர் நெல்வயல் காயும். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் இதைச் சொல்ல மாட்டார். போர் வண்டிக்காரருக்கு அடிக்கணக்கில் கூலி, அவர் ஏன் சொல்லப்போகிறார்?

"கோடையில் குடிக்கத் தண்ணீர் வேண்டாமா?" என்று கேட்பார்கள். நியாயம்தான். ஊருக்குப் பொதுவாக, இடம் பார்த்து ஒரு போர் போடுவதை நான் எதிர்க்கவில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் போடுவதைத்தான் எதிர்க்கிறேன். ஊற்று நம் ஒருவர் பட்டாவில் பிறப்பதில்லை.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் அல்ல. எந்த ஊற்று எங்கே, எந்த மாதம் வற்றும், எது எந்தக் கோடையிலும் வற்றாது என்பதெல்லாம் நம் வயதுக்காரர்களுக்கு மனப்பாடம். அதை ஒரு நோட்டில் எழுதி, மே 1 கிராம சபையில் வைப்போம். புதிய போருக்கு அனுமதி கேட்டு மனு வந்தால், புவியியல் தெரிந்த ஒருவர் அந்த நோட்டையும் கையில் வைத்துக்கொண்டு இடத்தைப் பார்த்த பிறகே கையெழுத்து என்று தீர்மானம் போடுவோம். நோட்டு நான் வாங்கித் தருகிறேன். கீழ்ச்சரிவு ஊற்றுகள் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை, அந்தப் பக்கத்துக்காரர்கள் வந்து சொல்லுங்கள்.