நனையும் காமிராவும் நாரை பிடிக்கும் காமிராவும்

பள்ளிக்கூடங்களில் உல்லாசப் பிரயாணக் காலம் வந்துவிட்டால் பெற்றோர்கள் நம்மைத் தேடி வருகிறார்கள். "ஸார், பையனுக்கு ஒரு சின்ன டிஜிட்டல் காமிரா வாங்க வேண்டும். விலை கையைக் கடிக்கக் கூடாது. மலைக்கும் கடலுக்கும் எடுத்துப் போக வேண்டும். எத்தனை மெகாபிக்ஸல் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். கேள்வியின் முற்பகுதி முழுவதும் நியாயமானது. கடைசி வாக்கியந்தான் கடைக்காரருக்கு அனுகூலமானது.

மெகாபிக்ஸல் என்பது 10 லட்சம் புள்ளி. 12 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் உள்ள படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நேர்த்தியாய் அச்சிட்டாலும் 86 லட்சம் புள்ளிகளே செலவாகும். இந்த ரகக் காமிராக்களில் ஒளியை வாங்கிக் கொள்ளும் சில்லு பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் நீளமும் 4½ மில்லிமீட்டர் அகலமுந்தான் இருக்கும். அந்தச் சின்னப் பெஞ்சியில் 12 பேரும் உட்காரலாம். 20 பேரை நெருக்கியும் உட்கார வைக்கலாம். அதனால் பெஞ்சி நீண்டுவிடாது.

"சட்டைப் பையில் கைபேசி இருக்கும்போது காமிரா எதற்கு?" என்று சில நேயர்கள் கேட்கக் கூடும். வாஸ்தவமே. கோயில் கோபுரத்துக்கும் குழந்தையின் சிரிப்புக்கும் கைபேசி தாராளமாய்ப் போதும். ஆகையால், கைபேசியால் ஆகாத காரியத்துக்கு மட்டுமே பணம் செலவிடுவது என்று வைத்துக் கொள்வோம். அத்தகைய காரியங்கள் இரண்டு உண்டு. ஒன்று நனைவது, மற்றொன்று தூரம்.

குற்றாலத்துச் சாரலுக்கு அஞ்சாத காமிரா ஒரு ஜாதி. வேடந்தாங்கல் கரையில் நின்று, ஏரி நடுவே மரக்கிளையில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரையைக் கிட்டத்தில் காட்டும் காமிரா வேறொரு ஜாதி. இரண்டு குணமும் ஒரே சிறு பெட்டியில், மலிவு விலையில் கிடைப்பதில்லை. காரணம் எளிதானது. தூரத்தை இழுக்கும் லென்ஸ் வெளியே நீள வேண்டும். நீளுகிற இடுக்கில் நீரைத் தடுப்பது கஷ்டம். நீர் புகாத காமிராவில் லென்ஸ் பெட்டிக்குள்ளேயே அசைகிறது. ஆதலால் 4 அல்லது 5 மடங்குக்குமேல் பெரிதாக்காது. பெட்டியின்மேல் இதைவிடப் பெரிய எண் கண்டால், அது டிஜிட்டல் ஜூம் தானா என்று விசாரிக்க வேண்டும். டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்கும் வேலை. அதை வீட்டிலேயே செய்து கொள்ளலாம்.

நனையும் ஜாதியில் 2023-ல் வந்த ஓ.எம். சிஸ்டம் டஃப் டி.ஜி.-7 சிறந்தது. 15 மீட்டர் ஆழம் தாங்கும்; 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் பிழைக்கும். லென்ஸின் வாய் எஃப்/2 அளவுக்குத் திறப்பதால் மழைக்கால மங்கலிலும் படம் தெளிவாக விழும். புள்ளியோ 12 மெகாபிக்ஸல்தான்! கோடக் பிக்ஸ்புரோ டபிள்யூ.பி.இஸட்.2 என்பதில் 16 மெகாபிக்ஸல் உண்டு. அதுவும் 15 மீட்டர் தாங்கும். விலை வெகு குறைவு. எனினும் எண்ணைப் பார்த்து இதையே மேலென்று கொண்டுவிடலாகாது. சிக்கனமாய் வாங்குவோருக்குப் போதுமானது என்பதே நமது அபிப்பிராயம்.

தூரத்து ஜாதியில் 2025-ல் வந்த பானஸோனிக் டி.இஸட்.99, லென்ஸாலேயே 30 மடங்கு இழுக்கும். கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம் இல்லாதது அதன் குறை. நடுப்பகல் வெயிலில் திரையைப் பார்க்க ஒரு கையால் நிழல் பிடிக்க வேண்டியிருக்கும்.

பணம் போதாதபோது பழைய காமிரா வாங்குவது தப்பில்லை. ஆனால் பறவைக் காமிராவைப் பழையதாய் வாங்கலாம். நீர்க் காமிராவை வாங்கலாகாது. நீரைத் தடுப்பது ஒரு ரப்பர் வளையம். அது வயதானால் இறுகி வெடிக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. 2017-ல் வந்த நிக்கான் டபிள்யூ.300 என்பது 30 மீட்டர் தாங்கும் என்று பெயர் பெற்றது. இன்று ஒருவர் கைமாற்றாய்க் கொடுத்தால் அதைக் கரையிலே வைத்துக் கொள்வதே உசிதம்.

பிச்சாவரத்தில் நம் மாணவன் ஒருவன் படகிலிருந்து கையை நீட்டியபோது புதுக் காமிரா நழுவி விழுந்தது. தகப்பனார் ஓராண்டு சேர்த்த பணம். நீர் புகாத காமிராதான். சேற்றினடியில் எங்கேயோ இன்னும் நீர் புகாமலே கிடக்கும். இத்தகைய காமிராக்களில் பெரும்பாலானவை மிதப்பதில்லை என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை. அவற்றைத் தாங்கும் மிதவை வார் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. காமிரா வாங்கும் அன்றே அதையும் வாங்கி மணிக்கட்டில் மாட்டிவிட வேண்டும்.

உப்பு நீரில் இறங்கிய காமிராவை மூடியைத் திறக்காமலே நல்ல தண்ணீரில் சற்று ஊற வைத்து, துடைத்து, நிழலில் உலர்த்துக. மூடியின் விளிம்பில் ஒரு மணலோ தலைமயிரோ ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது மறுநாள் காலை, மறுபடி நீரில் இறங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.